அமெரிக்காவில் படிப்பதும் அமெரிக்காவைப் படிப்பதும்

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களுள் பெரும்பாலோர் கணினியியலையும் பொறியியலையும் நாடிச் சென்றவர்கள். அமெரிக்காவையே படிக்கச் சென்றவர் எத்தனை பேர்?

வரலாறு, இலக்கியம், சட்டம், சமயம், சமூகவியல் ஆகியவற்றை ஒருங்கிணைத்து அந்நாட்டை ஆராயும் அமெரிக்கவியல் முதுகலைப் படிப்பு அங்குள்ள பல்கலைக்கழகங்களில் உண்டு. திருமுல்லைவாயிலில் ஒரு பிள்ளை அதனை விரும்பினால், "அது சோறு போடுமா?" என்ற கேள்வியே முதலில் எழும். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோரின் அச்சம் நியாயமானதே. எனினும், சிந்தனை அத்துடன் நின்றுவிடலாமா?

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமே நம்மவர்க்கு அந்நாட்டின் கதவை அகலத் திறந்தது. நிறவெறிக்கு எதிராகக் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டமும் அச்சட்டத்திற்கு வழிவகுத்தது. இதனை அறியாதவர், பிறர் நட்ட மரத்தின் நிழலில் நின்றுகொண்டே நட்டவரை இழிவாக நோக்கும் அவலத்திற்கு ஆளாவர்.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மானிடவியல் ஆகியவற்றையும் கற்றார். 1946இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு மடல் எழுதி, ஐ.நா. அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். பிறர் துயரில் தம் மக்களின் துயரைக் கண்ட கல்வி அது.

ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமையப் பொருள் திரட்டினோம். நம்மை அவர்கள் அறிய வேண்டுமென விரும்பினோம். அவர்களை நாம் அறிய வேண்டாமா? நூறு பொறியாளர்களை அனுப்பும் ஊர், ஒரே ஓர் அமெரிக்கவியல் மாணவரையேனும் அனுப்பட்டும்.