மணமில்லை, மடிப்பு உண்டு: கோழிக்கொண்டை வளர்ப்போம்!

பூக்கடையில் கோழிக்கொண்டைக்குத் தனி மரியாதை கிடையாது. மணம் இல்லை என்பதால் தலையில் சூடுவாரும் குறைவு. ஆயுத பூஜை மாலையில் செவ்வந்திக்கு நடுவே நிறத்துக்காகச் சேர்ப்பதோடு சரி. ஆனால் ஒரு பூவைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணியை மடித்து மடித்துத் தைத்தது போல இருக்கும். இப்படித் தொட்டு ரசிக்கும் பூ வேறு அதிகம் இல்லை.

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். தண்டின் நுனி ஒரு புள்ளியாக வளராமல் பக்கவாட்டில் பட்டையாக விரிவதால்தான் அந்த மடிப்புகள். செடி நம் கீரைக் குடும்பம்தான். பண்ணைக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பீட்ரூட்டுக்குச் சிவப்பு தரும் நிறமி வகைதான் இதற்கும் நிறம் தருகிறது.

பெரிய கொண்டை வேண்டுமா?

"நர்சரியில் பூவோடு வாங்கி வந்தேன், அதற்கு மேல் வளரவே இல்லை" என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் எளிது. சின்னக் கவரில் வேர் சுருண்டு, தண்ணீருக்குத் தவித்த நாற்று, அவசரமாகச் சின்னக் கொண்டை போட்டுவிடும். பிறகு எவ்வளவு உரம் வைத்தாலும் பெரிதாக மாறுவது கடினம். முதல் சில வாரங்களில் செடி தடையில்லாமல் வளர்வதுதான் முக்கியம். அதனால் விதை போட்டு வளர்ப்பதே நல்லது.

விதை கடுகைவிடச் சிறியது. ஈர மண்கலவையின் மேல் தூவி, மெல்லிய அடுக்காக மண் போட்டால் போதும். 7 முதல் 10 நாளில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும், வேர் சுருளும் முன்பே, 10 அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக மாற்றிவிடுங்கள். தரையில் என்றால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். 6 மணி நேர வெயில் அவசியம். மற்ற பூச்செடிகளைப் போல நுனியைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் நடுக்கொண்டை போய்விடும். பக்கக் கிளைகளை மட்டும் எடுக்கலாம். தழைச்சத்து அதிகமானால் இலைதான் மண்டும். மண்புழு உரம் போதும்.

தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். மடிப்புகளுக்குள் தண்ணீர் தங்கினால் பூ அழுகும்.

விதைத்து இரண்டரை மாதத்தில் பூக்கும் என்று கணக்கு வைக்கலாம். ஆடியில் விதைத்தால் ஆயுத பூஜைக்கும், ஐப்பசியில் விதைத்தால் பொங்கலுக்கும் பூ கிடைக்கும். ஐப்பசி நாற்றுகளை அடைமழை படாத இடத்தில் வையுங்கள்.

அலங்காரத்தில்...

கொண்டை நன்றாக விரிந்த பிறகு காலை வேளையில் நறுக்குங்கள். பூவுக்கு முன்பே இலை வாடிவிடும் என்பதால் இலைகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

தலை கனமான பூ இது. உயரமான கண்ணாடிக் குவளையில் வைத்தால் சாயும். தண்டைக் குட்டையாக நறுக்கி, பித்தளைச் சொம்பில் மூன்று பூக்களை நெருக்கமாக வையுங்கள். பக்கத்தில் மெல்லியதாக ஏதாவது வேண்டும். நெற்கதிர், மருக்கொழுந்து, கீறிய தென்னங்குருத்து எல்லாம் பொருந்தும். மருக்கொழுந்து வைத்தால் இல்லாத மணமும் வந்துவிடும்.

வாடும் முன்பே சில பூக்களைக் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமான அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். நிறம் பெரிதும் மங்காது. மாதக்கணக்கில் அலமாரியை அலங்கரிக்கும்.

இருப்பதிலேயே அழகான கொண்டையை மட்டும் நறுக்காமல் செடியிலேயே விடுங்கள். அதன் அடிப்பகுதியில்தான் விதை இருக்கும். காய்ந்ததும் காகிதத்தின் மேல் தட்டினால் கறுப்பாக, பளபளவென்று கொட்டும். அருகில் இறகு போலப் பூக்கும் வகை இருந்தால் இரண்டும் கலந்து, அடுத்த தலைமுறையில் வடிவம் மாறக்கூடும். அதைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். ஒரு பூவின் விதையே தெருவுக்கெல்லாம் கொடுக்கக் காணும்!