ராமோஜி பார்த்தால் ஹைதராபாத் பார்த்ததாகுமா?

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். கோங்குரா ஊறுகாய் சாப்பிட்டுப் பழகியவர்கள் மேலே படிக்கலாம் :-)

ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து சித்தப்பா, மாமா, மச்சான் யார் வந்தாலும் ஒரு நாள் "ஊர் சுத்திக் காட்ட" வேண்டும். அந்த ஒரு நாள் எல்லா வீட்டிலும் அச்சடித்த மாதிரி ஒரே மாதிரி இருக்கும். காலையில் டாக்ஸி பிடித்து ராமோஜி ஃபிலிம் சிட்டி. ராத்திரி பிரியாணி. மறுநாள் ரயிலுக்கு முன்னால் நேரமிருந்தால் பிர்லா மந்திர், முத்துக் கடை, இரண்டு பாக்கெட் உஸ்மானியா பிஸ்கட். சார்மினார்? "பயங்கர கூட்டம் மாமா, பார்க்கிங் கிடைக்காது, சினிமாவுல பார்த்திருப்பீங்களே!" அவ்வளவுதான், ஊர் முடிந்தது.

ராமோஜி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. 1996-இல் திறந்தார்கள், உலகத்திலேயே பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸில் பெயர் இருக்கிறது, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அங்கே நிற்கிற அரண்மனை, செட். நிஜக் கோட்டையும் நிஜ அரண்மனையும் இருக்கிற ஊருக்கு வந்து, செட் முன்னால் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய் மெனு கார்டைப் படித்துவிட்டு பந்தியில் உட்காராமல் வருகிற மாதிரி.

இதே நம்ம பசங்க ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போனால் என்ன செய்கிறார்கள் பாருங்கள். வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பிராடிஸ்லாவா. 1993-இல் தனி நாடான ஸ்லோவாக்கியாவின் தலைநகர். வியன்னா, ப்ராக் என்று ஓடுகிற கூட்டம் கண்டுகொள்ளாத ஊர். நம்ம பையன் ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே கால் வலிக்க நடக்கிறான். புனித மார்ட்டின் தேவாலயத்துக்குப் போய், 1563 முதல் 1830 வரை ஹங்கேரி ராஜாக்களுக்கு முடிசூட்டிய இடம் என்று படித்துத் தெரிந்துகொள்கிறான். "மறைந்திருக்கும் மாணிக்கம்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது போட்டோ போடுகிறான். நல்லதுதான், வாழ்க! ஆனால் லீவில் ஹைதராபாத்தில் அப்பா அம்மா வீட்டுக்கு வந்தால் அதே பையன் எங்கே போகிறான்? ஹைடெக் சிட்டி பக்கம் மாலுக்கு. ஸ்லோவாக்கியாவின் ராஜாக்கள் தெரியும், வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய கோல்கொண்டாவின் ராஜாக்கள் தெரியாது. கேட்டால், "அங்க போய் கை தட்டினா மேல கேக்கும், அதானே?"

அதானே இல்லை ஐயா. வட்டி, வாடகை பார்த்தே வயிறு வளர்க்கிற பி.காம். ஆசாமி நான். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1640-களின் நடுவில் மீர் ஜும்லாவின் படை தெற்கே இறங்கிய பிறகு, சென்னையைச் சுற்றியுள்ள பகுதி கோல்கொண்டா சுல்தானின் ஆட்சிக்குள் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த கிழக்கிந்திய கம்பெனி 1672 ஒப்பந்தப்படி சென்னைப் பட்டணத்துக்காக வருஷத்துக்கு 1200 வராகன் வாடகை கட்டியது. யாருக்கு? கோல்கொண்டாவுக்கு! 1676-இல் திருவல்லிக்கேணியைக் குத்தகைக்கு எடுத்ததும் இங்கிருந்துதான். பார்த்தசாரதி கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த மாமாவை இந்தக் கோட்டை வாசலில் நிறுத்தி, "உங்க தெருவுக்கு ஒரு காலத்துல வாடகை வந்து சேர்ந்த இடம் மாமா இது" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் அவர் கை தட்டுவதில் ஒரு அர்த்தம் இருக்கும்.

இன்னொன்று. மார்கழி பஜனையில் நம் வீடுகளில் பத்ராசல ராமதாசர் கீர்த்தனை இல்லாமல் இருக்குமா? அந்த கோபண்ணா அரசாங்க வசூல் பணத்தை எடுத்து ராமருக்குக் கோயில் கட்டினார் என்பதற்காக அடைபட்டிருந்ததாகச் சொல்லும் சிறை இந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. (பேங்க் பாஷையில் சொன்னால் தெளிவான ஆடிட் அப்ஜெக்ஷன்!) அவரை உள்ளே வைத்ததாகச் சொல்லப்படும் தானா ஷாவையே 1687-இல், எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு, ஔரங்கசீப் பிடித்துக்கொண்டு போனார். அந்த சுல்தானும் தௌலதாபாத் சிறையில்தான் கண்ணை மூடினார். வருஷா வருஷம் அந்தக் கீர்த்தனைகளைப் பாடுகிற எத்தனை பேர் அந்த இருட்டறையை எட்டிப் பார்த்திருக்கிறோம்?

கோட்டி பக்கம் வாருங்கள். அங்கே மகளிர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ரெசிடென்சி மாளிகை நிற்கிறது. இங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்து கைருன்னிசாவைக் கல்யாணம் செய்துகொண்ட கர்க்பாட்ரிக், 1800-களின் தொடக்கத்தில் கட்டியது. அதன் வரைபடம் போட்டவர் சாமுவேல் ரஸ்ஸல், மெட்ராஸ் என்ஜினியர்ஸ் ஆசாமி. பல வருஷம் சிதிலமாகக் கிடந்து, பழுது பார்த்து 2023-இல் திறந்தார்கள். கோட்டியில் புத்தகமும் துணியும் வாங்கப் போகிற நாம் அந்த மதில் சுவரை ஒட்டியே நடந்து போயிருப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டோம்.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். ஏன் போவதில்லை? பார்க்கிங், வெயில், கூட்டம் எல்லாம் வெளியில் சொல்கிற காரணம். உள்ளே ஒரு காரணம் இருக்கிறது, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "ஓல்ட் சிட்டி ஒரு மாதிரி, அவங்க ஏரியா, ஃபேமிலியோட போகாதீங்க."

ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? கலவரம், ஊரடங்கு எல்லாம் இந்த ஊர் பார்த்திருக்கிறது, மறுக்கவில்லை. குண்டும் வெடித்திருக்கிறது. 2007 மே 18 அன்று மெக்கா மசூதியில் வெடித்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 25-இல் லும்பினி பார்க்கிலும் கோட்டி கோகுல் சாட்டிலும் வெடித்தது. 2013 பிப்ரவரி 21-இல் தில்சுக்நகரில் வெடித்தது. இதில் லும்பினி பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதை நிறுத்தினோமா? கோகுல் சாட்டில் சாப்பிடுவதை நிறுத்தினோமா? தில்சுக்நகரில் வீடு வாங்குவதை நிறுத்தினோமா? மூன்றும் இல்லை. அப்படியானால் பயம் குண்டைப் பார்த்து இல்லை, அங்கே வசிக்கிற மனிதர்களைப் பார்த்து. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சென்னையில் நம்மை "இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கிடையாது" என்று ஒருவர் சொன்னால் எப்படிக் கொதிப்போம்? இங்கே ஊரின் பாதியை, அதுவும் ஊர் ஆரம்பித்த பாதியை, நாமாகவே தள்ளி வைத்திருக்கிறோம். நான் இருக்கிற ஹப்சிகுடாவின் பெயரே ஹப்சிகளிடமிருந்து, அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களிடமிருந்து, வந்தது என்பார்கள். மாசாப் டாங்க் பக்கத்து ஏ.சி. கார்ட்ஸ், நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை இருந்த இடம். செகந்திராபாத் பத்மாராவ் நகர் ஒரு முதலியாரின் பெயரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களால் ஆன ஊர் இது. நாமும் அதில் ஒரு அடுக்கு. மேல் அடுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு கீழ் அடுக்கைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது என்ன நியாயம்?

இதில் நஷ்டம் யாருக்கு? விருந்தாளிக்கு இல்லை, அவர் போட்டோவோடு ஊர் போய்விடுவார். நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு. இங்கேயே பிறந்து, தார்நாகாவில் ஸ்கூல் போய், வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆட்டோவில் ஹிந்தி பேசுகிற பிள்ளை. கும்பகோணத்துக்குப் பொங்கலுக்குப் போனால் "ஹைதராபாத் பொண்ணு" என்கிறார்கள். ஹைதராபாத்தைப் பற்றி ஏதாவது சொல்லு என்றால் பிரியாணி என்கிறாள். இரண்டு ஊர் இருக்க வேண்டிய பிள்ளைக்கு ஒன்றுகூட முழுசாக இல்லை. கும்பகோணத்தைக் கொடுப்பது தாத்தா பாட்டி கையில் இருக்கிறது. ஹைதராபாத்தைக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

திட்டினால் மட்டும் போதுமா, வழி சொல்ல வேண்டாமா? ஒரே ஒரு நாள் கேட்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், வெயில் இல்லாத நாளாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா தொழுகை நாள், சாலார் ஜங் மியூசியத்துக்கும் விடுமுறை.

காலையில் சீக்கிரம் கிளம்பி கோல்கொண்டா. மேலே பாலா ஹிஸார் வரை ஏறுங்கள், முட்டி வலிக்காரர்கள் கீழேயே உட்காரட்டும். இறங்கிப் பக்கத்திலேயே குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை 2013-இல் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் பழுது பார்த்து, 2024-இல் முடித்த இடம். சாப்பாட்டுக்குப் பிறகு மூசி நதியைத் தாண்டி பழைய ஊர். 1908 செப்டம்பர் 28 வெள்ளத்தில் ஒரு புளிய மரத்தில் ஏறி 150 பேர் பிழைத்ததாகச் சொல்வார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி பக்கம் அந்த மரத்தைக் காட்டுங்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த விஸ்வேஸ்வரய்யாவின் திட்டத்தில்தான் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் உருவாயின. பிறகு 1591-இன் சார்மினார், நிதானமாக. மெக்கா மசூதி முற்றம். லாட் பஜாரில் வீட்டுப் பெண்களுக்கு வளையல். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு இரானி சாயா. எம்.ஜி.பி.எஸ். வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, பரேட் கிரவுண்டில் மாறினால் ஹப்சிகுடா. பார்க்கிங் பிரச்னையும் இல்லை, போதுமா?

அப்புறம் ராமோஜிக்கும் ஒரு நாள் போங்கள், யார் வேண்டாம் என்றது? அது இரண்டாவது நாளாக இருக்கட்டும்.

பி.கு: ஹப்சிகுடா, தார்நாகா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நாள்கூட வேண்டாம், அரை மணி நேரம் போதும். சாயங்காலம் உஸ்மானியா பல்கலைக்கழக ஆர்ட்ஸ் காலேஜ் முன்னால் போய் நில்லுங்கள். 1939-இல் திறந்த அந்த இளஞ்சிவப்புக் கருங்கல் கட்டடத்தில் வெயில் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டிக்கெட் கிடையாது :-)