சோதனையைத் திருத்துவதா, பிழையைத் திருத்துவதா?

கணினிச் செய்நிரல் எழுதுவோர் சிலரிடையே ஒரு தீய வழக்கம் வேரூன்றியுள்ளது. சோதனை தோல்வியுற்றால், பிழையைத் தேடாது சோதனையையே மாற்றிவிடுவது அவ்வழக்கம். இதனைச் சிறு சோம்பல் என்று மன்னித்துவிட முடியாது. தமிழ்ப் பெயர்களைத் தாங்கிய பதிவேடுகளில் இது அநீதிக்கு வித்திடும்.

1970களில் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆய்வு நிலையத்தில் அலன் கே, டான் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பேர்க் முதலியோர் உருவாக்கிய மொழி ஸ்மோல்டோக். அம்மொழியில் அனைத்தும் 'பொருள்'களே. நினைவகத்திலுள்ள பொருளொன்றைப் பைட்டுகளின் வரிசையாக எழுதிச் சேமித்து, பின்னர் அவ்வரிசையிலிருந்து மீட்பதே தொடராக்கம். எழுதியதும் மீண்டதும் ஒத்துள்ளனவா என வினவுவது சோதனை.

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தேயுள்ள டயகமத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் பதிவைச் சேமிப்பதாகக் கொள்வோம். 'டயகம' என்பது 4 எழுத்து, யூ.ரி.எப்-8 முறையிலோ 12 பைட்டு. எழுதும் பகுதி நீளத்தை 4 எனக் குறிக்க, படிக்கும் பகுதி 4 பைட்டுகளை மாத்திரம் எடுக்குமாயின், 'ட' ஒன்றே முழுமையாக மீளும், 'ய' முறிந்துபோகும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே ஆதலால் அங்கு இப்பிழை ஒளிந்துகொள்ளும். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினால் சோதனை வெல்லும், பிழையும் வாழும்.

சோதனையே தவறாக இருத்தல் கூடாதா எனச் சிலர் வினவுவர். கூடும். ஸ்மோல்டோக்கில் இரட்டைச் சமக்குறி, இரண்டும் ஒரே பொருளா எனக் கேட்பது. ஒற்றைச் சமக்குறி, இரண்டும் சமமா எனக் கேட்பது. மீட்கப்பட்ட பொருள் புதியது. ஆகவே இரட்டைக் குறியால் ஒப்பிட்டால் சரியான நிரலும் தோற்கும். அங்கு சோதனையைத் திருத்துவது முறையே. ஆயின், எழுதிய பைட்டுகளையும் படித்த பைட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கிக் காரணத்தைக் கண்டவர்க்கே அவ்வுரிமை உண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, பிறப்புப் பத்திரமில்லாத மலையகத் தமிழர் தம்மை நிறுவ வழியற்று நின்றனர். அச்சட்டத்தின் அநீதி தனியே பேசற்பாலது. எனினும், ஏட்டில் இல்லாத பெயருக்குரியவர் எத்துணை வலுவிழந்தவர் என்பதை அது காட்டிற்று. இன்று ஏட்டின் இடத்தில் கணினி இருக்கின்றது. அதற்கு இசையப் பெயரைக் குறுக்குதல் தகாது. பெயருக்கு இசைய அதனைத் திருத்துதலே கற்றோர் கடன்.