சர்க்கஸ் என்றொரு வசை

தமிழில் ஒரு நாவலைக் கீழிறக்க வேண்டுமானால் விமர்சகர்களிடம் எப்போதும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: சர்க்கஸ். 'வெறும் மொழிச் சர்க்கஸ்', 'உத்திகளின் சர்க்கஸ்', 'ஒற்றைச் சக்கர வித்தை'. உள்ளே சரக்கில்லை, வெளியே ஜிகினா மட்டும் என்பது பொருள். இந்த வசையை நாங்களும் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள்தாம். இனிப் பயன்படுத்துவதாக இல்லை. மற்றவர்களும் கைவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

காரணம் எங்கள் வாசகர் குழுவின் நண்பர் ஒருவர். ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை. வாலாஜாபாத்தில் வாடகை வீடு. 36 அங்குலச் சக்கரம் கொண்ட ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கி, ஓராண்டாக அதன்மேல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறார். ஓட்டுவதற்கு அல்ல, நிற்பதற்கு. ஓட்டுவது இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. ஞாயிறு காலைகளில் கூடிப் புத்தகம் பேசும் நாங்கள், முதல் அரைமணி நேரம் அவருக்குக் கைப்பிடிச் சுவராக இருக்கிறோம்.

நிற்பது என்றால் அசையாமல் நிற்பதல்ல. தலைகீழாக நிறுத்திய ஊசல் அது. உடல் எந்தப் பக்கம் விழத் தொடங்குகிறதோ அந்தப் பக்கத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுசென்றால்தான் மேலே இருப்பவர் பிழைப்பார். ஆகவே ஒரு மிதியைக் கீழே வைத்து, அந்தக் காலை மட்டும் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மேலிருக்கும் கால் வெறுமனே உடன்போகும். எடை முழுவதும் இருக்கையில். இடுப்புக்குக் கீழே சக்கரம் அலைய, தலை ஓரிடத்தில் நிற்கும். நம் வீட்டுச் சைக்கிளில் இது நடக்காது. பின்னோக்கி மிதித்தால் ஃப்ரீவீல் சும்மா சுற்றும். ஒற்றைச் சக்கரத்தில் மிதிகள் அச்சோடு நேரே பிணைந்தவை. கால் திரும்பினால் சக்கரமும் திரும்பும்.

பழகுபவர்கள் வழக்கமாகத் தொடங்கும் 20 அங்குலச் சக்கரம் அரைச் சுற்றுக்குச் சுமார் 80 செ.மீ. நகரும். 36 அங்குலமோ 1.4 மீட்டருக்கு மேல் போய்விடும். எடை மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அதன் சுழல் நிலைமம் மூன்று மடங்கைத் தாண்டும். எடையும் கூடுகிறது என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். எனவே பெரிய சக்கரத்தில் ஆட்டம் சிறிதாக இருக்க வேண்டும், திருப்பமோ முன்கூட்டியே தொடங்க வேண்டும். விழுகிறோம் என்று தெரிந்தபின் காலைத் திருப்பினால் காலம் கடந்துவிட்டது. தூரம் ஓட்டுபவர்கள் வேகத்துக்காகக் குட்டைக் கிராங்க் போட்டுக்கொண்டு, சிக்னலில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பார்களாம். நம் நண்பர் 150 மி.மீ. கிராங்க் போட்டிருக்கிறார். வேகம் அவருக்கு வேண்டியதில்லை.

இதில் ஜிகினா எங்கே இருக்கிறது? திறம்படச் செய்தால், ஒன்றுமே செய்யாதவர்போலத் தோன்றுவார். கூடாரத்தில் கோமாளி பந்துகளை வீசிப் பிடிக்கும்போது கைதட்டுகிறோம். அவரை அங்கே நிறுத்திவைத்திருக்கும் இடது காலை யாரும் பார்ப்பதில்லை. 'கதை நகரவில்லை' என்று ஒரு நாவலை மூடிவைப்பவரும் அந்தக் காலைப் பார்க்காதவர்தான்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், ஓட்டப்பாதைச் சைக்கிள் பந்தயத்தில், இத்தாலியின் பெத்தெனெல்லாவும் பிரான்சின் திரெந்தேனும் ஒருவரை ஒருவர் முன்னே போகவைக்க ஏறத்தாழ 22 நிமிடங்கள் பாதையில் நின்றார்கள். பின்னாளில் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாதென்று விதி வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டுகளில் அந்த நிற்றலுக்கு இன்றும் மரியாதை உண்டு: ஸ்லோ சைக்கிளில் கடைசியாக வருபவருக்கே பரிசு, கால் ஊன்றியவர் வெளியே. தமிழ்ச் சமூகம் கடைசியாக வருபவருக்கு எவர்சில்வர் குடம் கொடுக்கும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

தோழர்கள் சிலர் கோபிப்பார்கள் என்று அறிவோம். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று நாட்டுக்கே சக்கரங்கள் செய்யும் பகுதி இது. 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்ததும் இங்கேதான். இங்கிருந்துகொண்டு ஒற்றைச் சக்கரத்தைப் பற்றி எழுதுவதா? ஆம், இங்கிருந்துதான் எழுத வேண்டும். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினாரே, அந்த நாளின் பின்னே இருந்த எட்டு மணிநேரக் கோரிக்கையில் உழைப்புக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு போக, தொழிலாளியின் விருப்பத்துக்கென்றும் எட்டு உண்டு. அந்த மூன்றாவது எட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்கும் உரிமை முதலாளிக்கு இல்லை. விமர்சகருக்கும் இல்லை, தோழருக்கும் இல்லை. ஆலை மொழியில் 'ஐடில்' என்றால் நஷ்டக் கணக்கு. நண்பர் பழகும் வித்தைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிக்கிறார்.

கற்றுக்கொள்ள இடம் எங்கே என்பது வேறு கதை. 1901-இல் தலச்சேரிக்கு அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்; இந்திய சர்க்கஸ் வளர்ந்தது அங்கிருந்து. 2011-இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாதென்றது. சரியான தீர்ப்பு, இரு கருத்தில்லை. ஆனால் வயது வந்தவர்கள் விரும்பிப் பழக ஓர் இடத்தை அதன்பிறகாவது யாரேனும் யோசித்தார்களா? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே பழக முடியாது. பாலாற்று மணலில் சக்கரம் புதையும். மிஞ்சியது, பிளாட் போட்டு, தார்ச்சாலையும் போட்டு, வீடு ஒன்றுகூட எழும்பாத ஒரு மனைப்பிரிவு. அங்கும் காவல்காரர் வந்துவிட்டார். "சார், ஓட்டுறதுன்னா ஓட்டிட்டுப் போங்க. இங்க நிக்கக் கூடாது."

நண்பர் பதில் சொல்லவில்லை. அப்போது பதினேழாவது ஆட்டத்தில் இருந்தார். பேசினால் விழுந்துவிடுவார். காவல்காரரும் காத்திருந்தார், இருபத்து மூன்று வரை இருவருமாக எண்ணினார்கள்.