புள்ளி வைத்தால் பொது மடங்கு போய்விடுமா?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, கணிதம்

"முழு எண்களுக்குத்தானே மீச்சிறு பொது மடங்கு? தசம எண்களுக்கு அது ஏது?" என்று கேட்போர் நம்மிடையே உளர். வேறு சிலரோ போட்டித் தேர்வுக்கென ஒரு விதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனர். முன்னவர் இல்லை என்று ஒதுக்குகின்றனர். பின்னவர் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டும் கணிதத்திற்கு அழகல்ல என்பது என் கருத்து.

விதி எளியது. தசம இடங்களைச் சமமாக்கு, புள்ளியை நீக்கு, மீ.பொ.ம. கண்டுபிடி, புள்ளியைப் பழையபடி வை. 1.2, 0.18 என்னும் எண்களை 1.20, 0.18 என்று எழுதினால் 120, 18 கிடைக்கும். இவற்றின் மீ.பொ.ம. 360. எனவே விடை 3.60. இடங்களைச் சமமாக்காமல் 12, 18 என்று கொண்டவர் 36-இல் வந்து நிற்பார். புள்ளியை எங்கே வைப்பது என்று திகைப்பார்.

இவ்விதி ஏன் பொருந்துகிறது? 1.2 மீட்டர் என்றாலும் 120 சென்டிமீட்டர் என்றாலும் நீளம் ஒன்றுதான். நாம் அலகைத்தான் சிறிதாக்கினோம். 1.2 மீட்டர்க் கோல்கள் 3, 0.18 மீட்டர்க் கோல்கள் 20 ஆகியவற்றைத் தனித்தனி வரிசையாக அடுக்கினால், இரு வரிசைகளும் முதன்முதலாக 3.6 மீட்டரில் ஒன்றாக முடியும். முடிவுறு தசமங்கள் யாவும் பின்னங்களே. ஆதலால் அத்தகைய பொது அலகு என்றும் உண்டு. 1, √2 ஆகியவற்றுக்கோ அது இல்லை. இருந்தால் √2 ஒரு பின்னமாகிவிடுமே!

ஆனால் அளந்து பெற்ற தசமங்களில் எச்சரிக்கை வேண்டும். பருவங்கள் திரும்பும் ஆண்டு ஏறத்தாழ 365.2422 நாள், அமாவாசை முதல் அமாவாசை வரை சராசரி 29.53059 நாள். இவற்றை 365.2, 29.5 எனச் சுருக்கி விதியைப் பயன்படுத்தினால் இரண்டும் 295 ஆண்டுகளில் ஒன்றுசேரும். 365.24, 29.53 எனக் கொண்டாலோ 2953 ஆண்டுகள்! வானத்தில் ஒன்றும் மாறவில்லை. தாளில் ஓர் இலக்கம் கூடிற்று, அவ்வளவே. கி.மு. 432-இல் ஏதென்ஸ் நகரத்து மெட்டான் 19 ஆண்டுகளுக்கு 235 சந்திர மாதங்கள் என்று கணக்கிட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மணி நேரமே. "எப்போது சரியாகச் சேரும்?" என்பதை விட்டு "எப்போது போதிய அளவு நெருங்கும்?" என்று கேட்பதே இங்குப் பயன் தரும். ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும் நமக்கும் இது பாடம்.

வீட்டில் படித்தவர் இருந்தால் பாடநூல் விட்ட இடத்தை அவர் நிரப்புவார். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்கு, வகுப்பில் காரணம் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. விதி தேர்வறை வரை துணை வரும். காரணமோ அதற்கு அப்பாலும் வரும். ஆகவே நண்பர்களே, "ஏன்?" என்று கேட்க நாணாதீர். ஆசிரியப் பெருமக்களும் விதியோடு காரணத்தையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதிட வேண்டுகிறேன்.