கையொப்பத்திற்கு முன் கேட்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கோ திசுப் பரிசோதனைக்கோ வருவோரிடம், எஞ்சும் திசுவை ஆராய்ச்சிக்குத் தர இசைவு கேட்கும் படிவமும் சில வேளைகளில் நீட்டப்படுகிறது. அதில் 'ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசையறிதல்' என்ற தொடரைக் கண்டு, தம் நோயை உறுதிசெய்யும் புதிய பரிசோதனை அது என்று நம்பிக் கையொப்பமிடுவோர் உண்டு. அந்நம்பிக்கை தவறானது. ஆயினும் அத்தவற்றுக்குப் பொறுப்பு அவர்களுடையதன்று என்பதே எங்கள் கருத்து.

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். எந்தச் செல்லில் எது இயங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் நகலை உண்டாக்கும். முன்னர் திசுவை அரைத்து, பல்லாயிரம் செல்களின் சராசரியையே அளந்தனர்; அரிய செல்கள் அதில் மறைந்துபோயின. ஒரே செல்லின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் முறை 2009இல் வெளியாயிற்று. அதன் பயனாக 2018இல், மூச்சுக்குழாயின் உட்படலத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் மிகாத 'அயனோசைட்' செல்கள் கண்டறியப்பட்டன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான மரபணு அவற்றில்தான் மிக வலுவாக இயங்குகிறது. அந்நோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்களுக்கே இது வியப்பளித்தது.

நகல் உண்டானபின் அதன் சில பகுதிகள் நீக்கப்பட்டு, எஞ்சியவை இணைக்கப்படும். இதுவே 'ஸ்பிளைசிங்'. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயுள்ள குழந்தைகளிடம் எஸ்.எம்.என்.1 மரபணு செயற்படுவதில்லை. துணையாக உள்ள எஸ்.எம்.என்.2 மரபணுவின் நகலிலோ ஏழாம் பகுதி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அதைச் சேர்க்கச் செய்யும் நுசினெர்சென் மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அம்மருந்து ஒற்றைச் செல் ஆய்வால் வந்ததன்று. ஆனால், எல்லாச் செல்களுக்கும் தேவையான ஒரு புரதம் குறையும்போது இயக்க நரம்புச் செல்கள் மட்டும் ஏன் முதலில் மடிகின்றன என்ற கேள்வியைச் செல் செல்லாகப் பார்த்தே ஆராய வேண்டும். இங்கும் ஒரு குறை உண்டு. பரவலாகக் கையாளப்படும் முறை நகலின் ஒரு முனையை மட்டுமே படிக்கிறது. நடுவில் நிகழும் விடுபடல் அதற்குப் பெரும்பாலும் புலப்படாது. முழு நகலையும் படிக்கும் முறைகளுக்குச் செலவு மிகுதி.

ஆதலால் இவ்வாராய்ச்சிக்குத் திசு தருவதை நாங்கள் வரவேற்கிறோம். கேட்கும் விதத்தைத்தான் ஏற்கவில்லை. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவது, திசு சில மணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர வேண்டும். அந்த அவசரத்தைக் காரணம் காட்டி, அறுவை அரங்கின் வாயிலில், பசித்த வயிறும் நடுங்கும் கையுமாக இருப்பவரிடம் படிவத்தை நீட்டுவது முறையன்று. சில நாள்களுக்கு முன்பே, அவருக்குப் புரியும் மொழியில், வீட்டாருடன் பேச அவகாசம் தந்து கேட்க வேண்டும். புரியும் மொழியில் விளக்கிப் பெறும் இசைவையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் வலியுறுத்துகின்றன. மறுப்பதாலோ பின்னர் விலகுவதாலோ சிகிச்சை குறைவுபடக் கூடாது.

படிவம் உங்கள் கைக்கு வரும்போது தயங்காமல் கேளுங்கள்: எடுப்பது எஞ்சிய திசுவா, ஆராய்ச்சிக்கென்று கூடுதலாக வெட்டுவார்களா? எங்கள் மரபணுத் தகவல் யாரிடம் இருக்கும்? முடிவு எங்களுக்குத் தெரிவிக்கப்படுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். அதைக் கையொப்பத்திற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.