கன்ட்ரோலுடன் ‘இ’ வந்தாலும் சேமியுங்கள்

மென்பொருள் உருவாக்கப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

எங்கள் இதழின் பக்கங்களை உங்கள் மென்பொருளில்தான் கட்டுகிறோம். சென்ற இதழை முடிக்கும் இரவில் தட்டச்சுப் பணியிலிருந்த தம்பி, தமிழ்99 விசைப்பலகையில் நான்கு பக்கம் அடித்தார். பத்தி முடியும்போதெல்லாம் கை தானாகக் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியது. மின்சாரம் போய் வந்தபோது கோப்பில் ஒரு வரியும் இல்லை. ஒரு தடவைகூட அந்தக் கட்டளை மெனுவைச் சென்று சேரவில்லை.

தமிழ்99 பலகையில் எஸ் விசையில் இருப்பது ‘இ’. சி-யில் ‘ஒ’, இசட்டில் ‘ஔ’. விசையை அழுத்தினால் கணினி உங்களிடம் இரண்டைச் சொல்கிறது: எந்த இடத்து விசை என்பது ஒன்று, இப்போது அது தரும் எழுத்து இன்னொன்று. உலாவிகளுக்கான டபிள்யூ3சி விதிமுறையில் ‘கோட்’, ‘கீ’ என்று இவற்றுக்குத் தனிப்பெயரே உண்டு. உங்கள் மெனு எழுத்தை மட்டும் பார்க்கிறது. எஸ் வருமென்று காத்திருந்து, ‘இ’ வந்ததும் பேசாமல் விட்டுவிடுகிறது. விண்டோஸில் சோதித்திருந்தால் இது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அங்கே குறுக்குவிசைகள் பார்க்கும் விசை எண் தமிழ்ப் பலகையிலும் பொதுவாக மாறுவதில்லை. எங்களிடம் இருப்பவை லினக்ஸ் கணினிகள். ரஷ்ய, கிரேக்கப் பலகைக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

அதற்காக விசையின் இடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரெஞ்சுப் பலகையில் நம் டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட் இருக்கிறது. இடத்தை மட்டும் பார்த்தால், கன்ட்ரோல்-இசட் அழுத்திச் செய்ததை நீக்க நினைத்தவரின் கோப்பு மூடிக்கொள்ளும். முதலில் எழுத்தைப் பாருங்கள். அது லத்தீன் எழுத்தானால் அதன்படியே நடக்கட்டும். இல்லையென்றால், பயனர் வைத்திருக்கும் ஆங்கிலப் பலகையில் அதே விசை என்ன எழுத்து தருமோ அதைக் கொண்டு மெனுவில் தேடுங்கள்.

ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தி மெனுவைத் திறப்பதும் இப்படித்தான். ‘கோப்பு’ என்ற சொல்லில் ‘க’வுக்கு மட்டும் அடிக்கோடிட முடியாது, ‘கோ’ முழுவதும் ஒரே எழுத்தாக நிற்கிறது. அதனால் பல தமிழாக்கங்களைப் போல நீங்களும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப் போட்டிருக்கிறீர்கள். அதில் குறையில்லை. ஆனால் தமிழ்ப் பலகை ஓடும்போது எஃப் விசை தருவது புள்ளி. மெனு தமிழில் இருக்கிறது, தமிழில் தட்டச்சு செய்பவருக்கு மட்டும் அது திறப்பதில்லை. எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

தமிழக அரசு இந்தப் பலகையைத் தரமாக ஏற்றது 1999-இல். அடுத்த பதிப்பு வெளிவரும் முன், உங்கள் சோதனை அறையில் ஒரு லினக்ஸ் கணினியில் தமிழ்99-ஐ இயக்கிவைத்து, மெனுவிலுள்ள ஒவ்வொரு குறுக்குவிசையையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அந்தத் தம்பியையே அனுப்புகிறேன். எந்தெந்த விசை வேலை செய்யவில்லை என்று அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஆசிரியர்